அலை தொலைந்த கல்யாணம்

ஓர்ஸ் ஹில்லில் சோமசேகரம் அண்ணைக்கு ஒரு அறை இருக்கிறது. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், போய்த் தேடி அலைய வேண்டாம். ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், மிச்சம் முழுக்க வயர். அந்த வயரை எல்லாம் அவிழ்த்து நீட்டினால் தோப்பூர் வரைக்கும் லைன் இழுத்து, மிஞ்சினதில் உடுப்பும் காயப்போடலாம். அதுக்குள் இருந்துதான் அவர் திருகோணமலைக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறார். இதுவரைக்கும் ஆயிரம் கல்யாணம் என்று வையுங்கள். அவருக்கென்று ஒன்றும் அமையவில்லை.

சனத்துக்கு அவரைப் பிடிக்காது. ரோட்டில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். போன் அடித்தால் எடுக்கமாட்டார், ‘வாட்ஸ்அப்பில் எழுதுங்கோ’ என்று ஒரு வரி வரும். திமிர் என்று சொல்வார்கள். உண்மை வேறு. மனுசனுக்குக் காது கேட்காது. முகத்துக்கு நேரே நின்று கதைத்தால் வாயைப் பார்த்துப் பிடிப்பார். முதுகுக்குப் பின்னால் யானை வந்து பிளிறினாலும் இடியப்பம் பிசைந்துகொண்டிருப்பார். இருபது வருசம் மண்டபம் மண்டபமாகக் கமராவோடு, அலுமாரி அளவு ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றதுக்குக் கிடைத்த பரிசு. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. காது கேளாதவனிடம் யார் மேளச்சத்தம் சேர்க்கக் கொடுப்பார்கள்? தெரிந்தால் அன்றோடு தொழில் போய்விடும்.

பிறகு எப்படி வேலை செய்தார்? கண்ணால். கம்ப்யூட்டரில் படத்துக்குக் கீழே சத்தம் ஒரு வரியாக ஓடும். கதைக்கிற இடத்தில் சின்ன மேடு. வாயை மூடுகிற இடத்தில் தட்டை. கெட்டிமேளம் வருகிற இடத்தில் பெரிய மலை. அதுக்கு அவர் வைத்த பெயர் அலை. படம் கமராவில் இருக்கும், சத்தம் வேறு மெஷினில் இருக்கும். தவில்காரரின் கை விழுகிற படத்துக்கு நேரே அந்த மலையை இழுத்துவந்து நிறுத்துவார். ஒரு மயிரிழை பிசகாது. காது உள்ளவன் நூறு பேர் வந்தாலும் அப்படிப் பொருத்தமாட்டான்.

நான் ஆறு வருசமாக அவருக்கு ஓட்டோ ஓடுகிறவன். இது எதுவும் எனக்கும் தெரியாது, போன ஆடி மாதத்து வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

‘உடனே வா’ என்று எழுதியிருந்தார். போனேன். ஃபான் முழு வேகத்தில் சுத்துது, மனுசன் வேர்வையில் குளித்துப்போய் இருக்கிறார்.

“அலை இல்லை” என்றார்.

திரையைப் பார்த்தேன். சத்த வரி மெழுகிவிட்ட மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

“என்ன அண்ணை, ஒருத்தரும் வாய் திறக்காத கல்யாணமோ? மாப்பிள்ளை இப்பவே அடங்கிட்டார் போல.”

சிரிக்கவில்லை. “கஜந்தியின்ர கல்யாணம். பிள்ளை இண்டைக்கு ராவு கனடா போகுது. நாலு மணிக்குத் தமக்கை ஜெயரூபி வந்து வீடியோவை வாங்கிக்கொண்டு போறதெண்டு கதை. தாலி கட்டு இன்னும் சேர்க்கேல்லை.”

மணி ஒன்றரை.

“அதுக்கென்ன, காதால கேட்டுச் சேருங்கோவன்.” நான் கையை நீட்டி ஓடவிட்டேன். மேளம் யன்னல் கண்ணாடியை உதறியது. “இந்தா, நல்லாக் கேக்குதுதானே.”

என்னையே பார்த்தார். “எனக்குக் கேக்காது.”

“என்ன கேக்காது?”

“ஒண்டும்.”

எனக்கு விளங்க ஒரு வருசம் எடுத்த மாதிரி இருந்தது. விளங்கினதும் முதலில் என்னுடைய கதைகள்தான் ஞாபகம் வந்தன.

“அப்ப ஆறு வருசமா நான் ஓட்டோவில சொன்ன கதையெல்லாம்? சிரிச்சனீங்கள்தானே!”

“நீ முன்னுக்குப் பார்த்தெல்லே ஓடுறனீ. உன்ர வாய் எனக்குத் தெரியாது. உன்ர தோள் குலுங்கேக்க நானும் சிரிக்கிறனான்.”

என் மனிசி கோவித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனது, திரும்பி வராமலே விட்டது, அதையும் அந்த ஓட்டோவில்தான் பகிடியாகச் சொன்னேன். தோள் நன்றாகக் குலுங்கியிருக்கும்.

“சொல்லிப்போடாத” என்றார்.

“முதல்ல அலையைத் தேடுவம், அண்ணை.”

வீடியோ வெட்டுகிற சொப்ட்வெயாரைப் போட்டுக் கொடுத்தது கிண்ணியா, குறிஞ்சாக்கேணி நிப்றாஸ். கம்ப்யூட்டர் திருத்துகிறவன். அண்ணை எழுதிக் கேட்டதுக்கு, ‘பிரின்டரைக் கழட்டி வெச்சிரிக்கன், கை முழுக்க மை, கோல் எடுங்க’ என்று பதில் போட்டிருந்தான். கோலில் கதைக்க ஒரு காது வேணும். அதுக்குத்தான் நான்.

“நிப்றாஸ், அண்ணைக்கு அலை இல்லையாம்.”

“அலையா? உள்துறைமுகத்தில எப்ப மச்சான் அலை அடிச்சிரிக்கி?”

“கடல் இல்லையடா. சத்தத்தின்ர அலை.”

“ஓ அதுவா. சத்தம் கேக்குதா?”

“கேக்குது. காது கிழியுது.”

“அப்ப சத்தம் இரிக்கி, காட்டுறதுதான் இல்ல. அந்த வரியை இழுத்து அகலமாக்கச் சொல்லுங்க. ஒடுங்கிக் கிடந்தா தெரியாது.”

நான் அண்ணையின் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக வாயை விரித்துச் சொன்னேன். இழுத்தார். தட்டை. மூடித் திறந்தார். தட்டை. வேறொரு கல்யாணத்தைத் திறந்தார். அதுவும் தட்டை.

“அப்ப கல்யாணத்தில பிழை இல்ல. சொப்ட்வெயாரில யாரோ எதையோ அமத்திட்டாங்க. வேற யாராச்சும் தொட்டாங்களா?”

அந்த அறைக்குள் அவரையும் கரப்பானையும் தவிர வேறு யார் வருவார்கள்? “கடைசியா என்ன செய்தனீங்கள், அண்ணை?”

“கல்யாணப் பொம்பிளையின்ர பேரை அடிச்சனான். முதல்தரம் எழுத்து விழேல்லை. திருப்பி அடிக்க விழுந்தது.”

அதைச் சொன்னதும் நிப்றாஸ் சிரித்த சிரிப்பு, போன் இல்லாமலே கிண்ணியாவிலிருந்து கேட்டிருக்கும். “பாமினியிலயா அடிச்சார்?”

“ஓமாம்.”

அவன் விளக்கினான். பாமினி என்பது கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க நாங்கள் பழகின முறை. கண்ணுக்குத் தமிழ் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரிவது இங்கிலீஷ் விசைதான். எழுத்துப் பெட்டிக்குள் சொடுக்காமல் வெளியில் வைத்து அடித்தால், ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. கஜந்தி என்று அண்ணை அடிக்க, வெட்டு, பெருப்பி, மறை என்று அது எடுத்திருக்கிறது. பொம்பிளையின் பெயரில் ஏதோ ஒரு எழுத்து அலையை மறைத்துவிட்டது.

“பின்னுக்குப் போற விசையை அமத்தட்டோ எண்டு அண்ணை கேக்கிறார்.”

“அது வெட்டினதைத்தான் திருப்பித் தரும், மறைச்சதைக் காட்டாது. கல்யாணத்தை இன்னொரு கொப்பி எடுத்து வெச்சிட்டு, வெளியில வெச்சே அந்தப் பேரைத் திருப்பி அடிங்க. ஒவ்வொரு எழுத்தா. மறைச்ச எழுத்தே காட்டும்.”

அண்ணை முதல் விசையை அமத்தினார். ஒன்றுமில்லை. அடுத்தது, படம் ஒன்று இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது, எல்லாம் ஊதிப் பெருத்தது. எனக்கு நெஞ்சு பொம்பிளைக்கு முன்னாலேயே கனடாவுக்குப் பறந்துவிட்டது. நாலாவது விசைக்கு, வரி முழுக்க மேடும் மலையுமாக ஒரே நேரத்தில் எழும்பியது.

அண்ணை திரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவைத்த கொப்பியைத் திறந்து வேலையில் இறங்கினார். கெட்டிமேள மலையை இழுத்து, தவில்காரரின் கைக்குக் கீழே நிறுத்தினார்.

“கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். கையும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. “ஓம் அண்ணை. அச்சொட்டாப் பொருந்துது.”

“மெய்யாவோ?”

“மெய்யா.”

காது போன பிறகு அதை அவருக்கு ஒருவர் கேட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

நாலுக்குப் பத்து நிமிசம் இருக்க ஜெயரூபி வந்தாள். வாசலில் நின்று, “அண்ணை” என்றாள். திரும்பவில்லை. “அண்ணை!” முதுகு அசையவில்லை.

“இவருக்குக் காதில விழேல்லையோ?”

“வேலையில இருந்தா அண்ணை கடவுள் கூப்பிட்டாலும் திரும்பார், தங்கச்சி” என்று ஒரு பொய்யை எறிந்துவிட்டு அவர் தோளைத் தொட்டேன்.

தாலி கட்டை ஓடவிட்டார். மேளம் எழும்ப ஜெயரூபிக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்த லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “வீட்டில நானும் அம்மாவும்தான் இனி. ஒருநாளைக்கு எங்களோட சாப்பிட வாங்கோ, அண்ணை.”

லேஞ்சிக்குப் பின்னால் வாய். அண்ணைக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. பென்டிரைவை நீட்டி, “சரி, போயிட்டு வாங்கோ” என்றார்.

அவள் முகம் அப்படியே சுருங்கியது. வாங்கிக்கொண்டு போய் ஸ்கூட்டியை எடுத்தாள்.

“என்ன சொன்னவள்?” என்று அண்ணை கேட்டார்.

நேரே நின்று சொன்னேன். என் வாயைப் பார்த்தார். “திருப்பிச் சொல்லு.” திருப்பிச் சொன்னேன்.

“ஓட்டோவை எடுக்கிறன், ஏறுங்கோ. இறக்கத்திலயே பிடிச்சிடலாம்.”

செருப்பைத் தேடி ஒரு காலை மாட்டினார். மற்றக் காலை மாட்டவில்லை.

“பிடிச்சு என்னெண்டு சொல்லுறது? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டா?”

அதுக்கு இருந்தது ஒரே ஒரு பதில்தான். காது கேட்காது என்கிற அந்தப் பதிலைத்தான் அவரால் சொல்லேலாது. கீழே ரோட்டில் ஸ்கூட்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது எனக்குக் கேட்டது. அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போயிட்டாளோ?”

“ஓம்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அடுத்த கல்யாணத்தைத் திறந்தார்.