தூள் போட்ட தோடம்பழம்

விட்பி நகரில் மகளின் சொக்கர் உதைபந்தாட்ட இடைவேளையில் ஒரு தாய் ஒரேஞ்சை, எங்கட தோடம்பழத்தை, வெட்டினா. அந்த மணம் என்னை, இன்று கண்ணாடிக் கொண்டோ அடுக்குமாடி நிற்கிற ஒரு பழைய மைதானத்தின் ஓரத் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் விட்டது.

அம்மா சனிக்கிழமைகளில் அதைக் கூட்டித் துடைப்பா. நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நானும் கூடப் போவேன். அவுஸ்திரேலியாவிலிருந்து வேலைக்கு வந்த பெடியள், முட்டை மாதிரியான பந்தைக் கையால் குத்தியும் காலால் உதைத்தும் ஆடுகிற தங்கள் ஊர் ஆட்டத்துக்கென்று தொடங்கிய கழகத்தின் கொட்டில் அது. முழங்காலுக்குப் பூசும் தைல மணமும், காயாத சேறும், ஆணிச் சப்பாத்துகள் சீமெந்தில் கறகறக்கிற சத்தமும் இப்பவும் என்னிடம் இருக்கின்றன.

இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டித் தரக் கேட்டார்கள். அம்மா எங்கள் வீட்டு வழக்கப்படி உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிக் கொடுத்துவிட்டா. உதடு வெடித்திருந்த கப்டன் எரிவில் துள்ளிக் குதித்தான். அடுத்த கிழமை வெறும் பழத்தைப் பார்த்து முகம் சுழித்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு தூள் போடாத தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். 'அன்ரி' என்று கூப்பிடவும் பழகிக்கொண்டான்.

பிறகு விசா முடிந்தும் கல்யாணம் கட்டியும் ஒவ்வொருவராய் ஊர் திரும்பினார்கள். கடைசிச் சனி, ஆள் போதாமல் ஆட்டமே நடக்கவில்லை. கப்டனும் அம்மாவும் நானும் கொட்டில் படியில் குந்தியிருந்து முழுத் தட்டையும் தின்றோம்.

"இண்டைக்கு உறைப்புக் கூடிப்போச்சு, அன்ரி," என்று இங்கிலீசில் சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

மிளகாய்த்தூள் போத்தலை அன்று அம்மா வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தா.

"ஓம் தம்பி," என்றா, "கொஞ்சம் கூடித்தான் போச்சு."