இடுப்பில் அரை அங்குலம்

மகளின் பள்ளிப் பாவாடையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் டைலர் அக்கா. பள்ளி திறந்த பிறகு இடுப்பைப் பிடித்துத் தைப்பது இது இரண்டாவது முறை. ஏழு வயதில் பிள்ளைகளுக்குத் துணி சின்னதாகும். இங்கே பெரிதாகிக்கொண்டே போகிறது.

"டாக்டரு வயித்துல ஒண்ணுமில்லைங்கிறாரு. அப்புறம் ஏங்க ரெண்டு வாயோட தட்டைத் தள்றா? வீட்ல யாராச்சும் உடம்பைப் பத்திப் பேசுவீங்களான்னு கேட்டாரு. எங்களுக்கு வேற வேலையில்லையான்னுட்டேன்."

துணி வாங்க வந்த என்னிடம் சொல்லிக்கொண்டே, மகள் மிச்சம் வைத்த தட்டை எடுத்து நின்றபடியே வழித்துச் சாப்பிடுகிறார். வயிற்றைத் தட்டிக்காட்டுகிறார். "இதையெல்லாம் தின்னுதான் இப்படிப் பீப்பாயா நிக்கிறேன். வாசக்காலை இடிச்சு அகலமாக்கணும்னு இவ அப்பா கிண்டல் வேற."

மேசைக்கடியில் துணித்துண்டு பொறுக்கும் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

தொழிலில் அக்காவுக்கு ஒரு தந்திரம் உண்டு. அளவு எடுத்ததற்கு மேல், கேட்காமலே, இடுப்பில் அரை அங்குலம் விட்டுத் தைப்பார். வாங்க வந்தவரைக் கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றவைத்து, துணியைக் கிள்ளி இழுப்பார். "லூசா இருக்கு பாருங்க! இளைச்சிட்டீங்க. எவ்ளோ அழகா இருக்கு!" வந்தவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்குப் போய் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

"இவளை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. குண்டுன்னு கூப்பிட்டதில்லை. யாரைப் பார்த்து இப்படி ஆனா?" என்னைக் கேட்கிறாரா, மிஷினைக் கேட்கிறாரா, தெரியவில்லை.

பாவாடை தயார். மகளுக்கு மாட்டிவிடுகிறார். சதை போடுவாள் என்ற ஆசையில் இதிலும் அரை அங்குலம் விட்டிருக்கிறார். மகள் கண்ணாடி முன் போய், யாரும் சொல்லாமலே ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். இடுப்பில் துணியைக் கிள்ளி இழுத்துக் காட்டுகிறாள்.

"லூசா இருக்கு பாரும்மா!"

அக்கா மேசையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறார். ஆமாம் என்றால் பூரித்துப்போவாள். இல்லை என்றால் நாளைக்கு இன்னும் ஒரு வாய் குறைப்பாள்.

"சொல்லேம்மா. எல்லாருக்கும் சொல்றியே."

அக்காவின் கை அளவு நாடாவைச் சுருட்டுகிறது, பிரிக்கிறது, மறுபடி சுருட்டுகிறது. மகள் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். பிறகு பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.