மாவு படிந்த கீபோர்டு

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆனந்தகுமாரிடம் அவசர வேலை கொடுப்பவர்கள் பாவம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், ஆள் பகல் கனவில் எங்கோ போய்விடுவான். எதிரே நிற்பவர் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பி வருவான். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

முப்பதைத் தாண்டி வெகு நாளாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா செல்லாயி கெங்கவல்லி வரைக்கும் போய்ப் பெண் கேட்டுவிட்டாள். போன இடத்தில் எல்லாம் மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலையா, பெங்களூரில் வேலையா என்றுதான் கேட்டார்கள். சொந்தக் கடை என்றதும் காப்பியோடு பேச்சு முடிந்துவிடும். செல்லாயி பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்புவாள். இவன் ஜன்னல் வழியாகப் போதமலை மேல் நகரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வருவான்.

இப்படிப்பட்டவனுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மாதம் தவறாமல் வேலை வந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து மாவெடுக்கிற இடம். புளித்த வாசனை ரோட்டிலேயே வரவேற்கும். களத்தில் காயும் மாவு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். காற்றடித்தால் ஆபீஸில் மேசை, நாற்காலி, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் வெள்ளையாகிவிடும். அங்கே பில் போடுபவள் ஜெயப்பிரியா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டவள். யாராவது அதற்காகப் பரிதாபப்பட்டால், பில் அடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

முதல் தடவை அவன் அங்கே போனதற்குக் காரணம் அவள் செய்த ஒரு தப்பு. அடுப்படியைத் துடைப்பது போலக் கீபோர்டையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டாள். கிழங்கு மாவு ஈரத்தில் குழைந்து சந்துக்குள் இறங்கி, காய்ந்ததும் இறுகிப்போனது. பாதி எழுத்துக் கட்டைகள் அமுங்கவில்லை. வாசலில் லாரி நிற்க, பில் வராமல் மேனேஜர் அவளை எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார். ஆனந்தகுமார் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தான். அவள் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே ஆள் கவிழ்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அவனே போன் செய்து கட்டைகள் எப்படி இருக்கின்றன என்று விசாரிப்பான். கீபோர்டுக்கு என்ன, சளியா காய்ச்சலா! போய் உட்கார்ந்து பிரஷால் மெதுவாகத் தட்டுவான். மாவு உதிர உதிர அவன் மனசு கிளம்பிவிடும். அந்தக் கனவில் ஜெயப்பிரியா அவன் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைப்பாள். பச்சைதான் நல்லது என்பாள். இவன் நீலம் என்பான். பேச்சு முற்றி அவள் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தும்விடுவாள். நிஜத்தில் அவளோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை, கனவில் சண்டையே போட்டாகிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்லவே இல்லை. கீபோர்டு மேல் போடுகிற ரப்பர் கவர் ஒன்று அவன் பைக்குள்ளேயே கிடந்தது. போட்டுவிட்டால் மாவு உள்ளே போகாது. இவனும் உள்ளே போக முடியாது.

கடைசியாகப் போன அன்று, இதை எப்படிச் சுத்தம் செய்வதென்று தனக்கே சொல்லிக் கொடுக்கும்படி ஜெயப்பிரியா கேட்டாள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடலாமா என்று பார்த்தான். அன்றைக்கு அவளைத் திட்டிய மேனேஜரின் குரல் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னான்.

முதலில் கம்ப்யூட்டரை நிறுத்தி வயரைப் பிடுங்க வேண்டும். கட்டைகள் இருக்கும் வரிசையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கவிழ்த்துப் பிடித்து லேசாகத் தட்டி, காய்ந்த பிரஷால் மாவைத் தள்ள வேண்டும். தண்ணீர் பக்கமே போகக்கூடாது. கட்டையைக் கழற்றுவதானால் நேர் மேலாக நெம்ப வேண்டும். அடியில் கம்பி மாட்டியிருக்கும் அந்த நீளக் கட்டையைத் தொடவே வேண்டாம். பிசுக்குக்கு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி ஸ்பிரிட். நன்றாக உலர்ந்த பிறகுதான் வயரைச் செருக வேண்டும்.

அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்துவிட வேண்டும் போல அவனுக்குக் கை பரபரத்தது. பஞ்சுக் குச்சிக்காக அவன் பையைத் துழாவியவள், அந்தக் கவரை வெளியே எடுத்தாள். இது எதற்கு என்று கேட்டாள். அவன் சொல்லித் தொலைத்தான்.

“இத்தன மாசமா இது பையிலயேதான் கெடந்துதுங்களா?”

ஆமாங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மானம் போனது மட்டுமில்லை, இனி இந்தப் பக்கம் தலை காட்டவே முடியாது என்று நினைத்தான்.

அவள் கட்டைகளைப் போட்டோ பார்த்துப் பொருத்தி, வயரைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு வரி அடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக விழுந்தது. கவரை மேலே விரித்து, சுருக்கமில்லாமல் தடவிவிட்டாள்.

“இனிமே கீபோர்டு தொடைக்கறேன்னு நீங்க வர வேண்டாமுங்க.”

அவன் தலையாட்டிவிட்டுப் பையை மூடினான். ஜிப் சிக்கிக்கொண்டது. நிமிராமல் இழுத்துக்கொண்டே இருந்தான்.

“ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு வாங்க. எங்கப்பா இருப்பாருங்க. உங்கம்மாவையும் கூட்டியாங்க.”

இத்தனை வருஷத் தொழில் பழக்கம் அவனை விடவில்லை. என்ன ரிப்பேர் என்று கேட்டான் அந்த மடையன்.

ஜெயப்பிரியா முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ரிப்பேரு ஒண்ணுமில்லீங்க. அதனாலதான் வரச் சொல்றேன்.”