பதிவேட்டில் தேக்கு

மகன் வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டில் கதவைச் சுற்றி ஓடும் பீடிங் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். "தேக்குப்பா" என்றான். ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். முகர்ந்தேன். பிளாஸ்டிக் வாளி வாசனை.

தேக்கை அடையாளம் காண்பது பெரிய வித்தையல்ல, நண்பரே. பெயிண்டைச் சுரண்டி ஒரு சீவல் எடுத்தால் பழைய தோல் செருப்பு வாசனை வரும்; தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை. பைன் என்றால் டர்பன்டைன் வாசனை, நகம் பதியும். இது மரம் தெரிந்தவர்களின் முறை. அரசாங்க முறை வேறு: பதிவேட்டைப் பார்ப்பது. அந்த முறையில்தான் முப்பத்தைந்து வருடம் நானும் சம்பளம் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு சண்முகம் ஓய்வு பெற்றார். திருநெல்வேலிக்காரர். அலுவலகப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவராத அபூர்வப் பிறவி. வீட்டில் குறையில்லை என்று பராமரிப்பு ஆபீஸ் சான்று தந்தால்தான் பென்ஷன் காகிதம் நகரும். வந்த ஜூனியர் இன்ஜினியர் குழாய், மின்விசிறி எல்லாம் எண்ணி முடித்து, கதவோரம் பெயிண்ட் உரிந்த இடத்தில் சாவியால் கீறினார்.

"யே சாக்வான் நஹி ஹை."

தேக்கு இல்லை. பதிவேட்டிலோ தேக்கு. ஆகவே சண்முகம் அரசாங்கத் தேக்கை விற்றுவிட்டு பைனை அடித்திருக்கிறார். 'மாற்றியது நானே' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சான்று தயார்.

"களவாணின்னு நானே எழுதிக் குடுக்கணுமாம் சார்," என்றார் சண்முகம். "மாட்டேன். மூட்டையெல்லாம் கட்டுனபடியே கெடக்கட்டும்."

விதிமுறை அறிந்த நான் சும்மா இருப்பேனா? என் வீட்டுப் பீடிங்கையும் சுரண்டிக் காட்டினால், கட்டும்போதே பிளாக் முழுக்க பைன்தான் என்று நிரூபணமாகிவிடும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, வருடாவருடம் அப்பிய பெயிண்டைச் சுரண்டினேன். பைனேதான். மறுநாள் இன்ஜினியரைப் பெருமிதத்தோடு அழைத்து வந்தேன். குனிந்து பார்த்தார். நோட்டை எடுத்து என் வீட்டு எண்ணையும் எழுதிக்கொண்டார்.

"ஆப்னே பீ பேச் தியா?"

நீங்களும் விற்றுவிட்டீர்களா என்று, மரியாதையாகத்தான் கேட்டார். மாலைக்குள் பிளாக்கின் மற்ற ஆறு வீட்டிலும் கதவோரம் புதுப் பெயிண்ட் பளபளத்தது. "உங்க புத்திசாலித்தனத்த ரிட்டயர் ஆனப்புறம் காட்டக் கூடாதா?" என்றாள் என் மனைவி. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலே போயிருந்தது.

அடுத்த நாள் காலை சண்முகம் போய் எழுதிக் கொடுத்தார். இரண்டு வீட்டு மரத்தையும் தானே மாற்றியதாக. என் வீட்டுக்குள் வந்து எப்படி மாற்றினார் என்று எவரும் கேட்கவில்லை, பதிவேடு சரியாகிவிட்டதே.

"ஒங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு சார். நான் போறவன்தானே."

நான் தடுத்தேன் என்று எழுத ஆசைதான்.

இப்போது அந்த பிளாக்கை இடித்துவிட்டார்கள். இடித்தபோது போய் நின்றேன். ஏலப் பட்டியலில் தேக்கு என்றிருந்த குவியலிலிருந்து பழைய மரக்காரர் ஒரு சட்டத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். எட்டு வீட்டு மரமும் பைன் என்று விறகு விலை சொன்னார்.

சண்முகத்திடம் சொல்லலாமென்று திருநெல்வேலி எண்ணுக்கு போன் செய்தேன். மகள் எடுத்தாள். அவர் போய் இரண்டு வருடமாகிறதாம்.

"அப்பாகிட்ட ஏதாவது சொல்லணும்னு இருந்தீங்களா அங்கிள்?"

"சும்மாத்தாம்மா" என்றேன்.