மிஸ்ஸி கழுவின கால்

நேர்ஸ் வேலையிலை முதலிலை தேயிறது முழங்கால், பிறகு பொறுமை. கடைசிவரைக்கும் தேயாமல் இருக்கிறது வாய். நாள் முழுக்க நிண்டு குதிக்கால் வெடிச்ச என்ரை சகோதரிமாரே, உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனா எனக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. எங்கடை சேர்ச்சிலை மாதத்திலை ஒருக்கா பெண்கள் கூட்டம் நடக்கும். "வாட்டிலை நீங்கள் காணுறதிலை இருந்து ஒரு விசுவாசப் பாடம் சொல்லுங்கோவன்" எண்டு போதகரின்ரை மனிசி கேட்டா. முதல் மாதம் சொன்னன். எல்லாரும் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைச்சினம். அவ்வளவுதான், பிடிச்சுது சனியன். அதுக்குப் பிறகு நான் கட்டிலிலை கிடக்கிற வருத்தக்காரரைப் பாக்கேல்லை, பாடத்தைத்தான் பாத்தன்.

சொட்டுச் சொட்டாய்

பென்சன் எடுத்த வாத்தியார் ஒருத்தருக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல மனிசன், சொல்லுறதைக் கேப்பார். அப்பிடி ஆள் கிடைச்சால் விடுவனோ? கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டு, "ஐயா, ஆண்டவரின்ரை கிருபையும் இப்பிடித்தான். ஒரேயடியாய் ஊத்தமாட்டார், சொட்டுச் சொட்டாய்த் தருவார்" எண்டு தொடங்கினன். தொடங்கினது எங்கையோ போய் எங்கையோ வந்தது. போத்தல் வெறுமையானதை நான் காணேல்லை. அவர்தான் கையைத் தூக்கிக் காட்டினார். குழாயிலை ரத்தம் மேலை ஏறிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸி, கிருபை முடிஞ்சுபோச்சுது போலை, ஒருக்கா மாத்திவிடுங்கோ."

தேருக்கு அடுத்த நாள்

அண்டைக்கு நானும் சேர்ந்து சிரிச்சனான். இனிச் சொல்லப்போறதிலை சிரிக்க ஒண்டுமில்லை.

பரமேஸ்வரி அக்கா வெங்காயத் தோட்டக்காரி. கனகாலமாய்ச் சீனி வருத்தம், பாதத்திலை உணர்ச்சி இல்லை. வலது காலிலை ஒரு புண். திங்களும் வியாழனும் வருவா, நான்தான் கழுவி மருந்து கட்டுறனான். புண் காய்ஞ்சு மாறிக்கொண்டு வந்தது. அந்தநேரம் பாத்து அவவின்ரை ஊர்க் கோயில் தேர். அடுத்த நாள் வந்தா, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மத்தியானச் சுடுமணலிலை வெறுங்காலோடை தேருக்குப் பின்னாலை போயிருக்கிறா. சுட்டது அவவின்ரை காலுக்குத் தெரியேல்லை.

எனக்கு வந்ததே ஒரு கோவம்! ரெண்டு மாதமாய் நான் மினைக்கெட்டு மாத்தின புண். கோவத்தோடை நிப்பாட்டியிருந்தால் நேர்ஸ் எண்டு சொல்லலாம். காலைக் கழுவக் கழுவ எனக்குப் பாடம் ஊறத் தொடங்கீட்டுது. "அக்கா, உங்கடை சாமி காலைச் சுட வைக்கிறார். எங்கடை ஆண்டவர் தன்ரை சீஷரின்ரை காலைக் கழுவினவர்" எண்டு சொன்னன். பக்கத்துக் கதிரையளிலை இன்னும் நாலு பேர் இருந்தவை, எல்லாருக்கும் கேட்டது. அக்கா குனிஞ்சு தன்ரை காலையே பாத்துக்கொண்டிருந்தா.

"ஓம் மிஸ்ஸி, நீங்கள் கழுவுங்கோ."

பேர் சொல்லாத சாட்சி

வெக்கமில்லாமல் அந்த மாதக் கூட்டத்திலை அதையே சொன்னன். சுடுமணல், கொப்புளம், வெங்காயத் தோட்டம், நான் குனிஞ்சு கழுவினது, எல்லாம். பேர் மட்டும் சொல்லேல்லை. அதிலை எனக்கு ஒரு பெருமை வேறை. முடிய எல்லாரும் வந்து கையைப் பிடிச்சினம். மூண்டாவது வாங்கிலை இருந்த ரீச்சர் மட்டும் எழும்பேல்லை. அவ படிப்பிக்கிறது பரமேஸ்வரி அக்காவின்ரை ஊரிலை.

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொன்னனீங்கள் மிஸ்ஸி, இனி அந்த மனிசி ஊருக்குள்ளை எப்பிடித் தலை நிமித்துறது?"

வராத திங்கள்

திங்கள் அக்கா வரேல்லை. வியாழனும் வரேல்லை. அடுத்த திங்களும் அப்பிடித்தான். அந்தப் புண்ணைக் கட்டு மாத்தாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? முதலிலை விரல், பிறகு கால். தெரிஞ்சும் நான் போகேல்லை. போனால் முகத்தைப் பாக்கவேணும் எல்லோ! அதாலை செபிச்சன். காலமையும் பின்னேரமும் முழங்காலிலை நிண்டு செபிச்சன். என்னோடை வேலைசெய்யிற கமலாவிட்டை அதைச் சொல்லியும் காட்டினன். கமலா கத்திரிக்கோலைக் கழுவிக்கொண்டு நிண்டவள், திரும்பியும் பாக்கேல்லை.

"செபம் சரியடி, கட்டு ஆர் மாத்திறது?"

வெங்காயப் பாத்தி

அண்டு பின்னேரமே கொக்குவிலிலை இருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்காவின்ரை ஊருக்குப் போனன். அக்கா தோட்டத்திலை பலகையொண்டிலை இருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. காலைப் பொலித்தீன் பையாலை சுத்திக் கட்டியிருந்தா. கிட்டப் போகவே மணம் சொல்லிப்போட்டுது. "ஏன் அக்கா வரேல்லை?" எண்டு கேட்டன், தெரியாத ஆள் மாதிரி. அந்தக் கேள்வியை நினைச்சால் எனக்கு இப்பவும் காது சுடும்.

"கடைக்குப் போனாலும் சுடுமணல் கதைதான் மிஸ்ஸி. உங்கை வந்து அந்தக் கதிரையிலை எந்த முகத்தோடை இருக்கிறது?" எண்டு கேட்டா. பிறகு மெதுவாய்ச் சொன்னா, "கால் வெட்டக்கூடாது எண்டுதான் தேருக்குப் பின்னாலை வெறுங்காலோடை வாறன் எண்டு சாமிக்கு நேத்தி வைச்சனான். சுடுமெண்டு எனக்குத் தெரியாதோ?"

அவவும் காலுக்காகத்தான் நடந்தவ. நானும் அந்தக் காலுக்காகத்தான் செபிச்சனான். ஆனா நான் முழங்காலிலை நிண்டது கமலாவுக்கு மட்டும்தான் தெரியும்; அவ நடந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க வைச்சது நான். மண்ணிலை குந்தி இருந்து, "பிழை என்னிலைதான் அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். அழுகை வந்திட்டுது. பையை அவிட்டன். ரெண்டு விரல் கறுத்திருந்தது. கிணத்தடித் தண்ணி வேண்டாமெண்டு கொண்டுபோன சேலைனாலைதான் கழுவினன். வாய் திறக்கேல்லை. ஆண்டவர் பேதுருவின்ரை காலைக் கழுவேக்கை, அந்தக் கால் எங்கை போய் வந்தது எண்டு கேக்கேல்லை. அது எனக்கு அப்பதான் விளங்கினது. ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டு கெஞ்சினன்.

"வாறன் மிஸ்ஸி, ஆனா இதையும் கொண்டுபோய் அங்கை சொல்லிப்போடாதேங்கோ."

சொல்ல விட்டது

கால் தப்பிச்சுது. விரல் ரெண்டையும் எடுக்கவேண்டி வந்தது. நான் கூட்டத்திலை பாடம் சொல்லுறதை விட்டிட்டன். குரல் சரியில்லை எண்டு ஒரு பொய்யும் சொன்னன். அக்கா திரும்பவும் திங்களும் வியாழனும் வாறா, அதே கதிரையிலைதான் இருக்கிறா. போன மாதம் கட்டு மாத்தேக்கை நான் ஊமைமாதிரி இருக்கிறதைக் கண்டு அவவே கதையைத் தொடங்கினா. அண்டைக்கு அந்தக் கதையைக் கேட்ட சனத்துக்கு மிச்சத்தையும் சொல்லத்தான் வேணுமாம்.

"இப்ப சொல்லுங்கோ மிஸ்ஸி, ஆனா இந்தமுறை என்ரை காலை விட்டிட்டு உங்கடை வாயைப் பற்றிச் சொல்லுங்கோ."

சொல்லிப்போட்டன் சகோதரிமாரே: வாட்டு வாட்டாய்ப் பாடம் தேடித் திரிஞ்ச எனக்குப் பாடம் கிடைச்சுது, விரல் போனது அவவுக்கு.