மேலே வந்தாச்சு என்ற சேதி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு தொழிலில் கூட நின்றவர்களின் பிள்ளைகள் பேரன்மாருக்கும் என் வணக்கம். அண்ணன் மறைந்து ஒரு வருஷம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுதுங்கள் அத்தை என்று அண்ணன் மகன் தாளைக் கொடுத்துவிட்டான். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஆனாலும் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் என்னைவிட்டால் இப்போது ஆள் கிடையாது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

காலமானவரைத் தைரியசாலி என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணன் பயந்தவர். அதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அவர் பயந்ததால் பிழைத்தவர்கள் இந்தப் பக்கத்தில் அநேகம் பேர்.

ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் அண்ணன் பிறந்தார். வெங்காயமும் சோளமும் போடுகிற குடும்பம். அப்பா விடியும் முன்னே கிணற்றில் மாடு கட்டிக் கமலை பூட்டுவார். மாடும் மனிதரும் மூச்சு வாங்கி இறைத்தாலும் பாத்திக் கடைசிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, திண்டுக்கல்லில் ஒரு இஞ்சின் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் அண்ணன் அந்த இரும்பைச் சாமி மாதிரிக் கும்பிட்டார். இஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், விற்ற இடத்துக்குப் போய் ஓட்டிக் காட்டவும் பழகினார். அவருக்குக் கலியாணமாகி மதினி வந்த சமயம், கணவரைப் பறிகொடுத்துவிட்டு நானும் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஒரு நாளும் அவர் என்னைப் பாரமாகப் பார்த்ததில்லை.

கடைக்காரர்கள் இருப்பில் இருக்கிற இஞ்சினை விற்பார்கள். வாங்குகிறவன் கிணறு எப்படி, தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்கமாட்டார்கள். பம்பு கொஞ்ச ஆழத்திலிருந்துதான் தண்ணீரை இழுக்கும். கோடையில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டால், கிணற்றுக்குள்ளே பாறையில் மேடை வெட்டி இஞ்சினையே உள்ளே இறக்கி வைக்க வேண்டும். புகை போகக் குழாய் வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமல் இஞ்சினை மட்டும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்களே என்று அண்ணன் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார்.

எங்கள் திண்டுக்கல் வீட்டு முன்னறையில் ஒரு பலகை மாட்டினார். இஞ்சின், மோட்டார் வாங்குவோருக்கு யோசனை சொல்லப்படும் என்று எழுதியிருந்தது. எதையும் விற்கமாட்டார். கிணற்றைப் பார்ப்பார், என்ன வாங்கலாம், எங்கே வைக்கலாம், யாரை வைத்து வேலை செய்யலாம் என்று சொல்வார். அதற்குத்தான் கூலி. சந்தைக்கு வந்த ஒரு பெரியவர் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யோசனைக்குக் கூலியா? எங்க ஊருக்கு வாய்யா, ஆலமரத்தடியில அள்ளிக்கிட்டுப் போகலாம்" என்றார். தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பிறகு அந்தப் பெரியவரே தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தனி ஆளாக இந்தத் தொழில் நடக்காது. அண்ணன் ஒவ்வொருவராகச் சேர்த்தார். பாறையில் மேடை வெட்ட மேஸ்திரி வெள்ளைச்சாமி. இஞ்சின் பூட்டவும் மோட்டாருக்குக் கம்பி சுற்றவும் ராயப்பன். குழாய்க்குக் காதர் பாய். இவர்கள் மூவரும் அடிக்கடி எங்கள் முன்னறையில் கூடுவார்கள். ஒருவருக்கு வந்த வேலையை இன்னொருவரிடம் சொல்வார்கள். ஒருவர் பார்த்த தப்பை மற்றவர்களுக்கு எச்சரிப்பார்கள். காதர் பாய் கடையில் நின்ற லாரிக்காரர்கள், பழனி பஸ் கண்டக்டர்கள் எல்லாரும் அண்ணனுக்குப் பழக்கம்.

அப்போது ஒரு துக்கம் நடந்தது. அண்ணனோடு இஞ்சின் கடையில் வேலை பார்த்த ஒருவர், பிள்ளை குட்டிக்காரர், அவர் பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை, ஏதோ ஒரு தோட்டத்தில் இஞ்சின் நின்றுவிட்டதென்று தனியாகப் போனவர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, இன்னைக்கு அவுக எந்தக் கிணத்துக்குப் போனாக?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் கண்டெடுத்தார்கள். கிணற்றுக்குள் புகை தங்கியிருக்கிறது. அவர் அரிக்கேன் விளக்கை இறக்கி, அது எரிகிறதென்று நம்பி இறங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து அண்ணன் தூங்கும்போது கையை இறுக்கி வைத்துக்கொண்டே தூங்குவார் என்று மதினி சொல்வார். மூவரையும் கூப்பிட்டு, "விளக்கை நம்பாதீக. இஞ்சின் புகை விளக்கை அணைக்காது, ஆளை அணைச்சிரும்" என்றார். ஒரு வழக்கமும் வைத்தார். யார் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் இறங்கும் முன்னே எங்கள் வீட்டுக்குச் சேதி வரவேண்டும். ஏறியதும் மேலே வந்தாச்சு என்று இன்னொரு சேதி வரவேண்டும். பஸ்காரரோ, லாரிக்காரரோ, சந்தைக்கு வருகிறவரோ, யார் மூலமாவது. ஏறிய சேதி வராவிட்டால் மற்றவர்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்தக் கிணற்றுக்குப் போக வேண்டும்.

சேதி வாங்குகிற வேலை எனக்கு. இறங்குகிறேன் என்று ஒருவர் சேதி வந்தால் அவருடைய பித்தளை டம்ளரை அடுப்பங்கரை மேடையில் கவிழ்த்து வைப்பேன். ஏறிவிட்டார் என்று வந்தால் நிமிர்த்துவேன். டம்ளர் கவிழ்ந்திருக்கிற நேரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டேனா என்று நினைவிருக்காது. வெள்ளைச்சாமி இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "நான் கிணத்துல எறங்குனா அக்கா வீட்டுக் குழம்புல உப்பு எறங்காது" என்பார்.

ஒரு தை மாதத்தில் நடந்ததற்கு வருகிறேன். தொப்பம்பட்டிப் பக்கம் வசதியான ஒரு தோட்டக்காரர் அண்ணன் சொன்னபடியே எல்லாம் செய்தார். கிணற்றுக்குள் மேடை, அதன்மேல் இஞ்சின், புகைக்குழாய் கிணற்று விளிம்புக்கு மேலே ஆள் உயரத்துக்கு. முதல் தண்ணீர் எடுக்கிற நாளுக்கு அண்ணனை விருந்துக்கு அழைத்தார்கள். துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பார்த்தபடி நின்றதைக் கண்டு, "இன்னைக்கு எறங்குற சோலி இல்ல தாயி. சாப்பிட்டுட்டு வாரேன்" என்றார். அதனால் நான் டம்ளரைத் தொடவில்லை.

மத்தியானம் பழனி பஸ் கண்டக்டர் வாசலில் நின்று கூப்பிட்டார். தொப்பம்பட்டியில் ஏறிய ஒருத்தர் சொல்லச் சொன்னாராம்: "உங்கண்ணன் கிணத்துல எறங்கிட்டாரு." அவ்வளவுதான். ஏன் இறங்கினார் என்று அவருக்கும் தெரியவில்லை.

அண்ணன் டம்ளரைக் கவிழ்த்தேன். அடுத்த பஸ் வந்தது, சேதி இல்லை. அதற்கடுத்த பஸ் கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மதினி மாசமாக இருந்தார். அவரிடம் சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் தெரியவில்லை. அந்த டம்ளரைப் பார்க்கப் பார்க்க, எங்கள் வாசலில் நின்று கேட்டாளே அந்தப் பெண், அவள் முகமே தெரிந்தது. அவளுக்கு எந்தக் கிணறு என்று தெரியாது. எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

காதர் பாய் கடைக்கு ஓடினேன். அதுவரை நான் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனவள் இல்லை. ஏறுன சேதி வரலை என்று மட்டும் சொன்னேன். பாய் கையில் இருந்த வேலையைப் போட்டார். கடையைச் சாத்தினார். வெள்ளைச்சாமி வெளியூர் போயிருக்கிறார், ரெட்டியார்சத்திரத்தில் வேலையாக இருக்கிற ராயப்பனை வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். காய்கறி இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரம் திரும்புகிற லாரியை நிறுத்தினார். "நீ வீட்டுல இரு தங்கச்சி" என்றார். "நான் சேதி வாங்குறவ பாய். அங்க போய் வாங்கிக்கிறேன்" என்று ஏறிவிட்டேன். ரெட்டியார்சத்திரத்தில் ராயப்பன் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவர் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒட்டன்சத்திரத்தில் வண்டி மாறி, பொழுது சாய்கிற நேரம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்னங்கீற்றுப் பந்தல் பிய்ந்து கிடந்தது. வாழை மரம் சாய்ந்து கிடந்தது. விருந்து போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. மனுசச் சத்தம் இல்லை.

நடந்ததைத் தோட்டக்காரர் பிறகு சொன்னார். முதல் தண்ணீர் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாருக்கு வெயில் தெரியாமல் இருக்கக் கிணற்றை மூடிப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் உட்கார்ந்தால் புகை முகத்தில் அடிக்குமே என்று மேல் குழாயை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். வந்தவர்களைக் கவுரவமாக நடத்த நினைத்துச் செய்தது, வேறு கெட்ட எண்ணம் இல்லை. வழக்கப்படி வீட்டின் மூத்தவர், தோட்டக்காரரின் அப்பா, சூடம் காட்டக் கிணற்றுக்குள் இறங்கினார். இஞ்சினை ஓட்டியவன் மேலே வந்துவிட்டான். பெரியவர் கும்பிட்டபடியே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. பந்தலுக்கு மேலே புகையைக் காணோம். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பந்தலைப் பிய்க்கச் சொன்னார். "ஏனுங்க, நல்ல காரியத்துல பந்தலைப் பிரிக்கலாமுங்களா?" என்று தோட்டக்காரர் கையைப் பிடித்திருக்கிறார். அண்ணன் கையை உதறிவிட்டுத் தானே கீற்றை இழுத்தார். பஸ்ஸுக்குக் கிளம்பிய ஒருத்தரைக் கூப்பிட்டு எனக்குச் சேதி சொல்லிவிட்டார். பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டி, "நான் கயித்தை ஆட்டிக்கிட்டே இருப்பேன். ஆட்டலைன்னா இழுத்துருங்க. யோசிக்காதீக" என்று சொல்லிவிட்டு ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியதை எல்லாரும் பார்த்தார்களாம். அந்த ஆட்டத்தோடுதான் இறங்கினார். இஞ்சினை நிறுத்தினார். இன்னொரு கயிற்றில் பெரியவரைக் கட்டி மேலே அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் கயிறு ஆடவில்லை. அவர்கள் யோசிக்காமல் இழுத்தார்கள்.

நாங்கள் போனபோது அண்ணன் தென்னை மரத்தடியில் கட்டிலில் கிடந்தார். பெரியவர் பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் கண்ணைத் திறப்பார், மூடுவார், பேச்சு வரவில்லையாம். ஏன் எங்களுக்குச் சேதி அனுப்பவில்லை என்று ராயப்பன் தோட்டக்காரரிடம் சத்தம் போட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எந்திரிச்சு உக்கார்ந்த பொறவு நல்ல சேதியாச் சொல்லலாம்னு இருந்தமுங்க" என்றார். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. கெட்டதைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

நான் கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"சேதி சொன்னாகளா?" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"சொல்லலை. அதான் நானே வந்தேன்."

"பயந்துட்டியா?"

"ஆமா."

"நானும்தான்" என்றார். அப்புறம் கண்ணை மூடித் தூங்கினார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். பெரியவர் அதன்பின் பல கோடை கண்டார்.

வழக்கத்தில் அண்ணன் ஒரு திருத்தம் செய்தார். நல்லதோ கெட்டதோ சேதி வரவேண்டும், நல்லதாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றார். கிணற்று வாய்மேல் பந்தல் போடமாட்டோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் யோசனையே சொல்வார். தொப்பம்பட்டித் தோட்டக்காரர் அந்தப் பக்கத்து ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். பாலசமுத்திரம் வரை அண்ணனுக்கு ஆள் சேர்ந்தது அவரால்தான். பிறகு ஊருக்கு ஊர் கரண்டு வந்தது. இஞ்சின் போய் மோட்டார் வந்தது. புகைப் பயம் போய்க் கம்பிப் பயம் வந்தது. டம்ளர் மட்டும் அதே மேடையில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் இருந்தது. அண்ணனோடு சேர்ந்தவர்களில் ஒருவர்கூடக் கிணற்றில் உயிரை விடவில்லை. வேறு தொழில்காரர்கள் எதை எதையோ சொல்லிக்கொள்ளட்டும், எங்கள் வீட்டுக்குப் பெருமை இதுதான்.

கடைசி மாதங்களில் அண்ணன் படுத்த படுக்கையானார். பொழுது சாய்ந்தால், "எல்லாரும் வந்துட்டாகளா?" என்று கேட்பார். வெள்ளைச்சாமி மேஸ்திரியும் காதர் பாயும் ராயப்பனும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டவர்கள். நான் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, வந்தாச்சு, வந்தாச்சு என்பேன். அப்புறம்தான் கஞ்சி குடிப்பார். உயிர் போன நாளன்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அவருக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டிய அண்ணன் மருமகளுக்கும், முகம் சுளிக்காமல் வந்து ஊசி போட்ட டாக்டரம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், தொப்பம்பட்டியிலிருந்து வந்து கால்மாட்டில் நின்று அழுத பெரியவரின் பேரனுக்கும், ராயப்பன், காதர் பாய், வெள்ளைச்சாமி வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரோட்டில் வண்டிகள் கண்மண் தெரியாமல் வருகின்றன. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை, போக வேண்டாம் என்றும் நினைக்கிறேன். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நல்லதோ கெட்டதோ, உடனே சொல்லுங்கள். அடுப்பங்கரையில்தான் இருப்பேன்.