ஒற்றைக் கை நாற்காலி செய்த சுகந்தி அக்கா

செய்தி முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். குவார்ட்டர்ஸ் லைனில் முதல் வீடு என்பதால் விலாசம் தேடி வருகிறவர்கள் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று அரையாண்டுப் பரீட்சைக்குப் படிப்பதற்காக விட்ட லீவு. அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, ஃபோர்மேன் சண்முகம் வீடு எது என்று கேட்டார். ஐந்தாவது வீடு என்றேன். அவர் உடனே நகரவில்லை.

"நான் வேப்பம்பட்டுலேர்ந்து வரேம்மா. அவங்க பொண்ணு காலைல தவறிடுச்சு. வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களா?"

யாரும் இருக்க மாட்டார்கள். தொழிற்சாலைச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. கூட வரமாட்டாயா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். நான் போகவில்லை. கையை நீட்டி வீட்டைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்தாவது வீட்டிலிருந்து சுகந்தி அக்காவின் அம்மா குரல் கேட்கும்வரை தாழ்ப்பாளைப் பிடித்தபடி உள்ளே நின்றேன்.

நம் குவார்ட்டர்ஸில் யார் இறந்தாலும் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வரும். அக்காவுக்கு வரவில்லை. யாரும் எழுதித் தரவில்லையாம். என்னையும் யாரும் கேட்கவில்லை. "அந்த வீட்டு விஷயத்துல நாம வாயைத் தொறக்கக் கூடாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் சண்முகம் மாமாவின் செக்‌ஷனில் வேலை செய்கிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பாலிடெக்னிக் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நம்மை அளந்ததும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரர் டேப்பும் ஒரு நீல நோட்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். முட்டியிலிருந்து தரை எவ்வளவு, சம்மணம் போட்டால் இடம் எவ்வளவு, ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்தால் எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். கீரைக்கார எல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா கண்ணு, பொட்டி செய்யப் போறியா? நான் இன்னும் கொஞ்ச நாள் கீறேன், அவசரப்படாத" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அவருடைய முட்டியில் டேப்பை வைத்தார். எல்லம்மா எழுந்திருக்கும்போது தரையில் ஒரு கையை ஊன்றி, சுவரை ஒரு கையால் பிடித்து எழுந்தார். அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்டேன். அக்கா சொன்னார்: "நாற்காலி செய்யறவங்க எல்லாம் காலைத் தொங்கப் போடறவங்களுக்குத்தான் செய்யறாங்க. நம்ம வீட்ல யாரு காலைத் தொங்கப் போட்டு உக்கார்றா?"

அப்படித்தான் அந்த நாற்காலி வந்தது. கம்பெனியில் மிச்சமான இரும்புக் குழாயை வளைத்து, கட்டிலுக்குப் பின்னும் நாடாவால் பின்னியது. உயரம் குறைவு, அகலம் அதிகம். வலது பக்கம் மட்டும் கை இருந்தது, எழும்போது ஊன்றிக்கொள்ள. இடது பக்கம் காலை மடக்கி வைக்கத் திறந்தே இருந்தது. இன்னொரு கை வாங்கப் பணம் போதவில்லையா என்று லைன் முழுக்கக் கேலி செய்தார்கள். சண்முகம் மாமாவுக்கு அது அவமானமாக இருந்தது. அதை வாசலில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அக்கா நம்பவே மாட்டார். வேறு ஏதாவது பேச்சுக் கொடுப்பார், ரேஷனில் என்ன போட்டார்கள், யார் வீட்டில் விசேஷம் என்று. பேசிக்கொண்டே, உட்கார்ந்தவர் எத்தனை தடவை அசைகிறார் என்று விரலை மடக்கி எண்ணுவார். "வாய் மரியாதைக்குச் சொல்லும். உடம்பு அப்படிச் சொல்லாது. அசையறதை எண்ணு" என்பார். எங்கள் அம்மா பத்து நிமிஷத்தில் ஏழு முறை அசைந்தார். அக்கா நாடாவை அவிழ்த்து மறுபடி பின்னினார். அடுத்த வாரம் நான்கு முறை. மறுபடி அவிழ்த்தார்.

சென்னையில் நடந்த வடிவமைப்பு விழாவுக்கு அக்கா தபாலில் படம் அனுப்பியது வீட்டுக்குத் தெரியாது. பழைய காலத்துப் பெரிய வீடுகளைத் திறந்து, அவற்றின் கூடங்களில் புதிதாக வடிவமைத்த மேசை நாற்காலிகளைப் பத்து நாள் வைத்துக் காட்டுகிற விழா அது. பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் கட்டிய ஒரு பங்களாவும் அதில் இருந்தது. அக்காவின் நாற்காலியை அங்கே வைக்கப் போவதாகக் கடிதம் வந்தது. கடைசி நாளன்று தேர்வுக் குழு வந்து பார்க்கும், பிடித்ததை ஒரு பெரிய கம்பெனி மொத்தமாகச் செய்து விற்கும், வடிவமைத்தவருக்கு அங்கேயே வேலையும் உண்டு என்று அதில் எழுதியிருந்தது.

அப்போதுதான் வேப்பம்பட்டு வரன் வந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. கடைசியில் சண்முகம் மாமா இறங்கி வந்தார். அவர் சொன்னதை அன்று குழாயடியில் நின்ற எல்லோரும் கேட்டோம். "சரி. அந்தப் பங்களாவுல நாலு பெரிய மனுஷங்க உன் நாற்காலியை எடுத்துக்கட்டும். நான் கல்யாணப் பேச்சை விட்டுடறேன். எடுக்கலைன்னா நீ வாயைத் தொறக்கக் கூடாது."

அக்கா சரி என்றார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அக்காதான் என்னை அந்தப் பங்களாவுக்கு அழைத்துப் போனார். இங்கிலீஷ் அட்டைகள் அச்சடித்து வந்திருந்தன. ஊர் ஜனங்கள் படிக்கத் தமிழில் எழுத வேண்டும். கரையான்சாவடியில் இறங்கி நடந்தோம். அவ்வளவு பெரிய வீட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, ஜன்னல்களில் சிவப்பு, பச்சைக் கண்ணாடி. ஈட்டிமரக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் கால் ஒன்றே உள்ள கண்ணாடி மேசை. யாரோ ஒரு துரையம்மாவின் படத்துக்குக் கீழே, பெட்டிகளைக் கோணலாக அடுக்கியது போன்ற ஓர் அலமாரி. கூடத்தின் நடுவில் அக்காவின் நாற்காலி. மொத்தம் ஏழு சாமான்கள்.

ஒவ்வொன்றிலும் 'தொடாதீர்கள், உட்காராதீர்கள்' என்று அட்டை வைக்க வேண்டும் என்று பங்களா மேனேஜர் சொன்னார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னோடதுல மட்டும் வைக்காதே. கடைசி நாளைக்கு நம்ம லைன் பொம்பளைங்க வந்து அதுல உக்காரப் போறாங்க. குழு அதைப் பார்த்தாதான் புரியும்" என்றார். அதற்கு விழாக்காரர்களிடம் அனுமதி வாங்கிவிட்டதாகவும் சொன்னார். நான் ஆறு அட்டை எழுதினேன்.

கடைசி நாள் காலையில் நான் முன்னால் போய்விட்டேன். அக்கா லைன் பெண்களை பஸ்ஸில் அழைத்து வருவதாக ஏற்பாடு. குழு வரும் நாள் என்பதால் மேனேஜர் சாவிக் கொத்தோடு எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். அக்காவின் நாற்காலி முன் நின்றார். "ஏழு சாமான், ஆறு அட்டை. எங்க ஒண்ணு?" என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா வேண்டாம் என்று சொன்னார், அனுமதி வாங்கியிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். அது ஒரு வாக்கியம். எனக்கு அது வாயில் வரவில்லை. உட்கார்ந்து ஏழாவது அட்டையை எழுதினேன். மற்ற ஆறைவிட அழகாகவே எழுதினேன். நாடாவின்மேல் நடுவில் வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வந்திருந்த பதினோரு பேரும் அறிவீர்கள். அக்காவை வாசலிலேயே குழுவினர் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நீங்க உள்ள போய் உக்காருங்க அத்தை, இதோ வரேன்" என்று அக்கா உங்களை அனுப்பினார். நீங்கள் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையோடு உள்ளே வந்தீர்கள். மல்லிகா அத்தை அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு எல்லோரும், உட்காரச் சொன்னதால், நாற்காலியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தீர்கள். எல்லம்மா, "தர ஜில்லுனு கீது" என்று சொல்லி மடியிலிருந்த பட்டாணியை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவினர் மூன்று பேர் அக்காவோடு உள்ளே வந்தார்கள். காலி நாற்காலி, சுற்றிலும் தரையில் பதினோரு பெண்கள். ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கண்ணாடி போட்ட அம்மா மட்டும் தமிழில், "இவங்களுக்குத் தரைதான் வசதி போல இருக்கே" என்றார்.

அக்கா அட்டையைப் பார்த்தார். எடுத்து நீல நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கூடத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, என்னைத் தேடவும் இல்லை. "மல்லிகா அத்தை, நீங்க வந்து உக்காருங்க, வீட்ல உக்கார்ற மாதிரி" என்றார். அத்தை எழுந்து, புடவையைச் சரி செய்து, நாடாவின் ஓரத்தில், போட்டோவுக்கு உட்காருவதுபோல இரண்டு காலையும் கீழே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். காலை மடக்குங்கள் அத்தை என்று அக்கா மெதுவாகச் சொன்னார். அத்தை குழுவினரைப் பார்த்துக் கூச்சத்தோடு, "பெரியவங்க நிக்கறாங்க, எப்படிம்மா" என்றார். அக்கா மறுபடி கேட்கவில்லை.

அட்டை இல்லாவிட்டால் நீங்கள் அதில் உட்கார்ந்திருப்பீர்களா? அந்த வீட்டில், அவர்கள் முன்னால், யாராவது காலை மடக்கியிருப்பீர்களா? இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மடக்கியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றும் நாளில் கொஞ்சம் தூங்குகிறேன். ஆனால் அக்காவுக்கு அதைப் பார்க்கக் கிடைத்த ஒரே நாளை நான்தான் கெடுத்தேன். குழு கண்ணாடி மேசையை எடுத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சொல்லிவிடலாம் என்று ஆவடி வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது, "உனக்குப் பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். கார்த்திகையில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாள் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். அவருடைய மாமியாரே இதைச் சொல்லி அழுதாராம். அக்காவின் பொறுமையைப் புகழ்வதற்காக அவர் சொன்னது அது. எனக்கு அது கேட்க முடியாததாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து அக்காவின் பெட்டி திரும்பி வந்தது. அவருடைய அம்மா நீல நோட்டை என்னிடம் கொடுத்து, "பாதிக்கு மேல வெறும் பேப்பரா இருக்கு, நீ கணக்குப் போட வெச்சுக்கோ" என்றார். உங்கள் எல்லோருடைய அளவும் அதில் இருக்கிறது. என் அளவு இருக்கும் பக்கத்தில், முட்டியிலிருந்து தரை பதினைந்தரை என்று எழுதி, கீழே 'இன்னும் வளருவாள், மறுபடி அளக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். ஏழாவது அட்டையை அந்தப் பக்கத்தில்தான் வைத்திருந்தார். என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும்போதே தெரியும்.

இதை அந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு போதும் என்று எங்கள் வீட்டிலும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு என்னைத் தெரியும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த அட்டையும் எண்ணுகிற பழக்கமும்தான். செய்தி வந்த அன்று சண்முகம் மாமா வேலையிலிருந்து ஓடி வந்தார். வேப்பம்பட்டுக்குப் போக வேன் பிடிக்க ஆள் போயிருந்தது. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு மிளகாய்த் தட்டைக் காயவைக்க வாசலுக்கு வந்திருந்த அந்த நாற்காலியில், தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், தெரியாமலேயே, இடது காலை மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டார். வலது கை நாற்காலியின் கையில் இருந்தது. அக்கா வரைந்த படத்தில் இருப்பதுபோலவே இருந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று விரலை மடக்கத் தயாராக வைத்திருந்தேன். வேன் வர அரை மணி நேரம் ஆயிற்று. மாமா ஒரு தடவைகூட அசையவில்லை.

பெயர் போடவில்லை. என் கையெழுத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.